மூப்பர் என்பவர் யார்? திருச்சபை ஊழியத்தில் பெண்கள்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



திருச்சபையின் ஆராதனையிலும் ஊழியத்திலும் பெண்களின் பங்கு என்னும் பொருளில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "மருத்துவமனைக் கூட்டத்தில் இந்தப் பொருள் எதற்கு? வார்டுகளைப் பற்றியும் கட்டட வேலையைப் பற்றியும் பேசலாமே" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த விவரங்களை நிர்வாகத்தார் சொல்லுவார்கள். நோயாளிகளின் படுக்கையருகே பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்கிறேன். நம் திருச்சபை பெண்களை எந்த வேலைக்கு நம்பியது, எந்த இடத்தில் நம்பத் தயங்கியது என்பதை அறிந்துகொள்ள மிஷன் மருத்துவமனையைவிட நல்ல இடம் கிடையாது.

மூப்பர் என்னும் சொல்

நம் சி.எஸ்.ஐ. திருச்சபையில் ஆயர்களுக்குச் சட்டப்படியான பெயர் 'பிரஸ்பிட்டர்'. இது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். நம் தமிழ் வேதாகமத்தில் அதை 'மூப்பர்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்தச் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்ட சபைதான் பிரஸ்பிட்டேரியன் சபை. ஒரு பேராயரோ ஒரு குருவோ தனித்து ஆளாமல், சபையார் தெரிந்துகொண்ட மூப்பர்கள் கூடி உட்கார்ந்து சபையை நடத்துவது அவர்களுடைய ஒழுங்கு.

"மதுரைக்கும் பிரஸ்பிட்டேரியன் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மதுரை மிஷனை 1834-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனெரிகள். இங்கே வளர்ந்தது பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபு. சென்னையிலும் செங்கற்பட்டுச் சீமையிலும் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் ஊழியம் செய்தார்கள். வேலூர், இராணிப்பேட்டை, ஆரணிப் பக்கங்களில் ஆற்காடு மிஷன் ஊழியம் செய்தது. அந்த மிஷனை அனுப்பிய அமெரிக்க ரிஃபார்ம்டு திருச்சபையும் மூப்பர்களால் நடத்தப்படுகிற சபையே. 1908-ஆம் ஆண்டு இந்த இரண்டு மரபுகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் அதனோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

அன்று மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக அபிஷேகம் பெற்றவர் லெஸ்லி நியூபிகின் அவர்கள். 1936-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பிய பிரஸ்பிட்டேரியன் மிஷனெரி அவர். 1959 வரை நம் கிராமங்களில் சுற்றி நடந்து மேய்ப்பு ஊழியம் செய்தார். ஆகவே இன்று நம் சேகரக் கமிட்டியில் ஆயரோடு சபையாரும் சமமாய் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால், அதில் காங்கிரிகேஷனல் மரபோடு பிரஸ்பிட்டேரியன் மரபின் பங்கும் உண்டு. அந்தச் சுதந்தரத்துக்கு நாம் வாரிசுகள். அதிலுள்ள ஒரு குறைக்கும் நாமே வாரிசுகள். மூப்பர் நாற்காலி நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாய் இருந்தது.

டாக்டர் அம்மாக்களும் மூப்பர் நாற்காலியும்

சென்னை இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையை உங்களில் பலர் அறிவீர்கள். அதைத் தொடங்கியவர் டாக்டர் மெட்டில்டா மக்ஃபைல் அம்மையார். 1888-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து பிரஸ்பிட்டேரியன் மிஷன் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். சிறிய அளவில் தொடங்கிய வேலை 1914-இல் ஒரு முழு மருத்துவமனையாய் எழுந்து நின்றது. கட்டடம் கட்டுவது, பணம் சேர்ப்பது, தாதிகளுக்குப் பயிற்சி கொடுப்பது, கத்தி பிடிப்பது, ஜெபிப்பது எல்லாம் அவர் செய்தார். 1946-இல் காலமானார். அவரை அனுப்பிய ஸ்காட்லாந்து திருச்சபை பெண்களை மூப்பர்களாக ஏற்றுக்கொண்டது 1966-ஆம் ஆண்டு. ஒரு மருத்துவமனையையே நடத்தியவர், தன் சொந்த ஊர்ச் சபையின் கணக்கைப் பார்க்கிற மூப்பர் கூட்டத்தில் உட்கார முடியாது. அந்தக் கதவு திறக்கும்போது அவர் மறைந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அவர் மருத்துவரானதற்குக் காரணமான சம்பவம் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய தகப்பனார் மருத்துவர். ஆனால் ஓர் ஆண் வந்து பார்க்க அந்த வீடுகள் சம்மதிக்கவில்லை. இளம்பெண்ணான ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் பிறந்த தீர்மானம் 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாய் வளர்ந்தது. ஐடா அம்மையார் 1960-இல் காலமானார். அவரை அனுப்பிய ரிஃபார்ம்டு திருச்சபை பெண்களை மூப்பர்களாக ஏற்றது 1972-இல். ஆயர்களாக ஏற்றது 1979-இல்.

நம் மதுரைக்கு வருவோம். 1884-ஆம் ஆண்டு இங்கே வந்த ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892-இல் பெண்களுக்கென்று ஒரு வேதாகமப் பள்ளியைத் தொடங்கினார். இரட்சணியபுரம் என்று இன்றும் நாம் சொல்லுகிற வளாகத்தில் அந்தப் பள்ளி வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் விதவைகள், ஆதரவற்றவர்கள், கிராமத்துப் பெண்கள். 'பைபிள் உமன்' என்று மிஷன் ஏடுகள் எழுதின. ஊரார் வேதக்கார அம்மா என்றார்கள். ஆண் ஊழியர் எட்டிப் பார்க்க முடியாத வீடுகளின் அடுப்படி வரை இவர்கள் போனார்கள். எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், வேதத்தை வாசித்துக் காட்டினார்கள், நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நம் ஆலயச் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளில் அதிகம் இல்லை.

அன்பானவர்களே, இந்த மூன்று இடங்களிலும் ஒரே காரியத்தைக் காண்கிறோம். நோயையும் மரணத்தையும் பெண்களின் கையில் ஒப்புவிக்கச் சபை தயங்கவில்லை. பண விஷயத்திலும் அவர்களை நம்பியது. திருவிருந்து மேசைக்கு வந்தபோது மாத்திரம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னது.

நானூற்றுப் பத்து ஆண்டுகள்

இப்படிப் பொறுக்கச் சொன்னதன் வேர் ஆழமானது. ஸ்காட்லாந்தில் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அஸ்திபாரம் போட்டவர்களில் முதன்மையானவர் ஜான் நாக்ஸ். அவர் 1558-ஆம் ஆண்டு பெண்கள் ஆளுவதைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். அந்நாளில் அரியணையில் இருந்த அரசிகளை மனதில் வைத்து எழுதியது அது. ஆனாலும் அதன் நிழல் சபையின்மேலும் விழுந்தது. அதே ஸ்காட்லாந்து திருச்சபை பெண்களை ஆயர்களாக அபிஷேகம் செய்யலாம் என்று முடிவு செய்தது 1968-இல். கணக்குப் பார்த்தால் 410 ஆண்டுகள்.

அந்த முடிவுக்கு முன்னால் ஒரு பெண் துணிந்து நின்றார். மேரி லஸ்க் என்பவர், பின்னாளில் மேரி லெவிசன் என்று அறியப்பட்டவர், சபையில் டீக்கனஸாக ஊழியம் செய்துவந்தார். 1963-ஆம் ஆண்டு சபையின் பொதுப் பேரவைக்கு முன்பாக ஒரு விண்ணப்பம் வைத்தார். தேவன் என்னை ஆயர் ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார் என்று உணர்கிறேன், இந்த அழைப்பைச் சபை சோதித்துப் பார்க்கட்டும் என்பதே அதன் சாரம். அதில் சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிரஸ்பிட்டேரியன் சபையின் சொந்த விதியையே அவர் சபைக்கு நினைப்பூட்டினார். அழைப்பது தேவன், அந்த அழைப்பு மெய்தானா என்று சோதித்து அறிந்து, கைகளை வைத்து ஜெபிப்பது சபையின் கடமை. சோதித்துப் பார்க்காமலே மறுப்பதற்கு அந்த விதியில் இடம் கிடையாது.

1969-இல் கேத்தரின் மெக்கொனக்கி என்பவர் அத்திருச்சபையில் முதல் பெண் ஆயராக அபிஷேகம் பெற்றார். விண்ணப்பம் வைத்த மேரி லெவிசன் அம்மையாருக்கோ 1978-இல்தான் அபிஷேகம் கிடைத்தது. கதவைத் தட்டியவர் பதினைந்து ஆண்டுகள் வாசலிலேயே காத்திருந்து, தனக்குப் பின் வந்தவர்கள் உள்ளே போவதைச் சந்தோஷமாய்ப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். 2004-இல் அலிசன் எலியட் என்னும் ஒரு பெண் மூப்பர் பொதுப் பேரவையின் மாடரேட்டராக அமர்ந்தார். ஜான் நாக்ஸின் சபையில் ஒரு பெண் தலைமை நாற்காலியில்!

நம் தென்னிந்தியத் திருச்சபை அத்தனை தாமதிக்கவில்லை என்பதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். 1980-களிலேயே நம் திருச்சபையில் பெண் ஆயர்கள் அபிஷேகம் பெற்று ஊழியம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான எகோனி புஷ்பலலிதா அம்மையார் 2013-ஆம் ஆண்டு நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். நம் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான். சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி முடிந்துவிட்டது. சபையாரின் மனதில் முடிந்துவிட்டதா என்பதையே இன்று உங்களிடம் கேட்கிறேன்.

வேதம் என்ன சொல்லுகிறது?

உண்மையுள்ள விசுவாசிகள் பலர் வேதத்தை எடுத்துக்காட்டித்தான் தயங்குகிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் சபையில் பெண்கள் பேசாமலிருக்கவேண்டும் என்று பவுல் எழுதியிருப்பதை அவர்கள் காட்டுகிறார்கள். அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கும்படி அன்போடு கேட்கிறேன். அங்கே பெண்கள் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவரே ஒழுங்கு சொல்லுகிறார். சபையில் வாய் திறக்கவே கூடாதவர்களுக்கு, ஜெபிக்கும்போது இப்படி இருங்கள் என்று யாராவது சொல்லுவார்களா? ஆகவே 14-ஆம் அதிகாரம் கொரிந்து சபையில் அன்றிருந்த ஏதோ ஒரு குழப்பத்தை அடக்கும் வார்த்தை என்று பல வேத அறிஞர்கள் கொள்ளுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாய்ப் படுகிறது.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று சொல்லி வேகமாய்க் கடந்துவிடுகிறோம். அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். பவுல் அங்கே பத்துப் பெண்களைக் குறிப்பிடுகிறார். முதலில் வருகிறவள் கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'ஊழியக்காரி' என்றிருக்கிறது. மூலமொழியில் அது 'டியாக்கொனொஸ்'. பவுல் தன்னைக் குறித்தும் அப்பொல்லோவைக் குறித்தும் எழுதும்போது எடுத்தாளுகிற அதே சொல். ஆண்களுக்கு வரும்போது பதவியாய்த் தோன்றுகிற சொல், பெண்ணுக்கு வரும்போது மட்டும் வீட்டு வேலையாய் நம் காதில் விழுகிறது என்றால், கோளாறு நம் காதில்தான் இருக்கிறது.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் முதன்முதலாகச் செய்தி கொடுத்து அனுப்பியது மகதலேனா மரியாளை. சீஷர்கள் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நாளில், நற்செய்தியின் முதல் பிரசங்கம் ஒரு பெண்ணின் வாயிலிருந்து புறப்பட்டது. இதை நாம் ஒவ்வொரு உயிர்த்தெழுதல் பண்டிகையிலும் வாசிக்கிறோம்.

மந்தையும் வீடும்

ஆகவே தயக்கத்தின் முழுக் காரணமும் வேதத்தில் இல்லை என்று நான் எண்ணுகிறேன். பெரும்பகுதி நம் ஊர் மந்தையிலிருந்து வந்தது. இந்த மதுரைச் சமவெளியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், மந்தையிலோ சாவடியிலோ பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்க் காரியம் பேசுவார்கள். அந்தத் திண்ணையில் பெண்கள் உட்காருவதில்லை. முறையிட வந்தால் ஓரமாய் நின்று பேசுவார்கள். நம் முன்னோர்கள் கிறிஸ்தவர்களானபோது மூப்பர் பெஞ்சு அந்தத் திண்ணையைப் போலவே ஆகிவிட்டது. ஆனால் அதே கிராமத்தில் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பிள்ளைப்பேறு, கல்யாணம், நிலம் வாங்குவது, கடன் தீர்ப்பது எதுவானாலும் கடைசி வார்த்தை அப்பத்தாவுடையது. மூப்பு என்றால் என்னவென்று நம் வீடுகளுக்கு நன்றாய்த் தெரியும். மந்தைக்குத்தான் தெரியவில்லை. திருச்சபை மந்தையா வீடா என்று கேட்டால், தேவனுடைய வீடு என்றுதானே பவுல் எழுதுகிறார்!

வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவன் இதைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். மாதவிலக்கு நாட்களில் பெண் திருவிருந்து மேசையருகே நிற்கலாமா என்று என்னிடம் இரகசியமாய்க் கேட்டவர்கள் உண்டு. தீட்டு என்னும் எண்ணம் ஞானஸ்நானத் தண்ணீரில் முழுவதும் கழுவப்படவில்லை. நண்பர்களே, இந்த மருத்துவமனையில் மிகவும் சுத்தமாய் வைக்கப்படுகிற இடம் ஆபரேஷன் தியேட்டர். செருப்பு, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் வெளியே கழற்றவேண்டும். அங்கே பெண் மருத்துவர்களும் தாதிகளும் மாதத்தின் எல்லா நாட்களிலும் நிற்கிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ளவளாய் இருந்த பெண் தம்முடைய வஸ்திரத்தைத் தொட்டபோது, ஆண்டவர் தீட்டுப்பட்டவராய் விலகிப் போகவில்லை. கூட்டத்தின் நடுவில் அவளை மகளே என்று அழைத்தார்.

ஒரு வார்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் பெண்கள் வார்டில் இருந்தார்கள். கர்ப்பப்பையை எடுப்பதற்கு மறுநாள் ஆபரேஷன். சாயங்காலம் நான் படுக்கையருகே போனேன். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். "மனசிலே ஏதாவது பாரம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க ஐயா. ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றார்கள். ஜெபித்துவிட்டு வந்தேன்.

இரவு எட்டு மணிக்கு நம் ஊழியச் சகோதரி அங்கே போனார்கள். இறையியல் கல்லூரியில் முறையாய்ப் படித்துப் பட்டம் பெற்றவர்கள். ஆயர் அபிஷேகம் பெற்றவர்கள் அல்ல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தத் தாயார் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்களாம், அழுதார்களாம். பல வருஷங்களாய் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லி முடித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்று சகோதரி எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. "காலையிலே தியேட்டருக்குப் போகுமுன்னே எனக்கு ராப்போஜனம் வேணும்" என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கவேண்டும் என்பதால், டாக்டரிடம் கேட்டு அன்று இரவே கொடுக்க ஏற்பாடாயிற்று. சகோதரி கொடுக்க முடியாது என்பதால் என்னை அழைத்தார்கள். நான் போய் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாயார் பக்தியோடு வாங்கினார்கள். ஆனால் அவர்களுடைய கண்கள், எனக்குப் பின்னால் நின்ற சகோதரியின் முகத்தின்மேல்தான் இருந்தன. பாவ அறிக்கையைக் கேட்டவர் ஒருவர். மன்னிப்பின் அடையாளத்தைக் கொடுத்தவர் வேறொருவர். ஆண்டவர் தம்முடைய கிருபையை அதனால் குறைத்துக்கொள்ளவில்லை என்று விசுவாசிக்கிறேன். ஆனாலும் அந்த இரவு இரண்டாய்ப் பிளந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்துபோனது மருந்து இல்லாமல் அல்ல. மருந்தைக் கொண்டுபோக ஒரு பெண்ணின் கை இல்லாததால் இறந்தார்கள். உடலுக்கு அந்தக் கை வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மிஷன்கள் கண்டுகொண்டன. ஆத்துமாவைத் தாங்குகிற ஊழியத்திலும் அப்படியே என்று பெண்கள் வார்டில் நின்ற எந்த ஆயரும் சொல்லுவார்.

பிடியரிசி கொடுத்த கைகள்

வடகிழக்கே மிசோரம் மாநிலத்தில் வேல்ஸ் தேசத்து மிஷனெரிகள் நாட்டிய பிரஸ்பிட்டேரியன் சபை இருக்கிறது. அங்கே 1910-ஆம் ஆண்டு முதல் பெண்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தேவனுக்கென்று தனியே வைக்கிறார்கள். அந்த அரிசி சேர்ந்து சேர்ந்து அந்தச் சபையின் மிஷனெரி ஊழியத்தையே தாங்கியது. நம் ஊர்ச் சபைகளிலும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. மிசோரத்தில் பானையிலிருந்து அரிசியை எடுத்த கைகள், அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யும் மூப்பர் கூட்டத்தில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

அதைக் கேட்டு நாம் பெருமூச்சு விடுமுன் நம் ஆலயங்களைப் பார்ப்போம். திருவிருந்துக்குத் திராட்சைப்பழத்தை ஊறவைத்து ரசம் செய்வது யார்? மேசை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது யார்? சின்னக் கிண்ணங்களை ஒவ்வொன்றாய்க் கழுவித் துடைத்து அடுக்குவது யார்? ஆராதனைக்குக் குறித்த நேரத்தில் வந்து உட்காருகிறவர்கள் எந்தப் பக்கத்தில் அதிகம்? கிராமச் சபையில் ஆயர் வராத ஞாயிற்றுக்கிழமையில் பாட்டு எடுத்து ஜெபம் நடத்துவது யார்? பதில் உங்களுக்கே தெரியும்.

ஒரு பெண் ஆயர் புதுச் சேகரத்துக்குப் போய் இறங்கினார்களாம். வரவேற்க வந்த பெரியவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க ஆயரம்மா. ஐயா பின்னாலே வர்றாங்களா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே, "நான்தாங்க ஐயா ஆயர்" என்றார்களாம். ஆனால் அந்த மாலை சரியான கழுத்துக்கு வர எத்தனை மாதம் ஆயிற்றோ!

படித்துப் பட்டம் பெற்ற நம் சகோதரிகள் பலருக்கு விடுதியும் அநாதை இல்லமும் மருத்துவமனையும் வேலையாய்க் கிடைக்கின்றன. அவை மகிமையான ஊழியங்கள். அதில் ஒன்றில்தான் நானும் இருக்கிறேன். ஆனாலும் பிரசங்கபீடத்துக்கு அனுப்பத் தயங்குகிறவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும் என்ற எண்ணம் எங்காவது இருக்குமானால், அது பெண்களையும் தாழ்த்துகிறது, மருத்துவமனையையும் தாழ்த்துகிறது. பெண் ஆயர் இரவில் எப்படிக் கிராமத்துக்குப் போவார், குடும்பத்தோடு எப்படி இடமாற்றத்துக்கு உட்படுவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். நம் தாதிமார் இரவு டூட்டிக்கு வருகிறார்கள். கிராமத்துச் செவிலியர்கள் நடு இரவில் பிரசவத்துக்குப் போகிறார்கள். அரசாங்கப் பள்ளி ஆசிரியைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுகிறார்கள். அவர்களுக்கு வழி கண்டுபிடித்த நமக்கு, ஆயருக்கு வழி கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு பாதுகாப்பான வீடும், துணைக்கு வரும் சபையாரும் இருந்தால் போதும்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

வழக்கமாய் இந்தக் கூட்டத்தின் முடிவில் உங்களிடம் பணம் கேட்போம். இன்று நான் கேட்பது வேறு. அடுத்த சேகரக் கமிட்டித் தேர்தலில் உங்கள் சபையின் பெண்கள் பெயர் கொடுக்கும்படி நீங்கள் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் கொடுக்கமாட்டார்கள். நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தேர்ந்தெடுத்தபின் தேநீர் ஏற்பாட்டை மட்டும் அவர்களிடம் ஒப்படைத்துவிடாமல், கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் முன் வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு நாள் உங்களிடம் வந்து, ஆண்டவர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று சொன்னால், "கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மேரி லெவிசன் அம்மையார் கேட்டதுபோல அந்த அழைப்பைச் சோதித்துப் பாருங்கள், ஆயரிடம் அழைத்துப் போங்கள், ஜெபியுங்கள். நம் மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. நம் வீட்டு வாசலிலேயே இருக்கிற அந்தக் கல்லூரிக்கு நம் பெண்பிள்ளைகளையும் மகன்களையும் ஒரே மகிழ்ச்சியோடு அனுப்புவோமாக.

அபிஷேகத்தில் நாம் புதிதாய் ஒன்றை உண்டாக்குவதில்லை. தேவன் ஏற்கெனவே செய்துவிட்டதற்கு ஆமென் சொல்லுகிறோம். வார்டில் கண் மூடிப்போகிறவர்களின் இமைகளை மூடுகிற கை, பிறக்கிற குழந்தையை முதலில் ஏந்துகிற கை, பிடியரிசியை எடுத்து வைக்கிற கை, கிண்ணத்தைக் கழுவுகிற கை எல்லாவற்றையும் கர்த்தர் தம்முடைய ஊழியத்தில் வெகுகாலமாய் எடுத்துப் பயன்படுத்துகிறார். அந்தக் கைகளில் அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுப்பது நம் சபையின் பங்கு.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. இந்த மருத்துவமனையிலுள்ள நோயாளிகளையும், அவர்களுக்கு ஊழியம் செய்கிற சகோதரிகளையும் சகோதரர்களையும் உங்கள் ஜெபத்தில் தொடர்ந்து நினைத்துக்கொள்ளுங்கள். ஆமென்.